அடிவயிற்றில் பட்ட அடி



மொழிபெயர்ப்பு நமது தொழில். மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் அமர்ந்து, இருபது ஆண்டுகளாகச் சட்டங்களையும் அறிக்கைகளையும் சுற்றறிக்கைகளையும் தமிழாக்கி வருகிறோம். கல்லூரியில் நாம் கற்றது வரலாறு. வைத்தியத்துக்கும் நமக்கும் நோயாளி என்ற முறையிலன்றி வேறு உறவு கிடையாது. அப்படியிருக்க, விபத்தில் அடிபட்டு வந்தவரின் மூத்திரப்பை கிழிந்திருக்கிறதா என்பதைப் படுக்கையருகிலேயே ஒலி அலைகளைக் கொண்டு ஆராயும் முறையைப் பற்றி நாம் பேச முன்வருவானேன் என்று நேயர்கள் வியக்கக்கூடும். காரணம் இதுதான். டில்லியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், ஒரு குளிர்கால இரவில், நாம் செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழை ஒரு பையனின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. அந்தப் பிழையை விளக்க வேண்டுமானால் மூத்திரப்பையையும் விளக்கியாக வேண்டும். அந்த ஒலிக் கருவியையும் விளக்கியாக வேண்டும்.

நமது குடியிருப்புக்கு அருகில் தமிழர் ஒருவர் நடத்தும் உணவு விடுதி உண்டு. அங்கே தோசைக்கல்லின் முன் நிற்பவன் தேனிப் பக்கத்துப் பையன். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. டில்லிக்கு வந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. காய்கறிகளின் பெயர்களும் நூறு வரை எண்களும், இவையே அவன் கற்றிருந்த ஹிந்தி. ஒரு நாள் இரவு கடையடைத்த பின், விடுதியின் மோட்டார் சைக்கிளில் தன் அறைக்குத் திரும்புகையில், குறுக்கே வந்த ஒரு வண்டியின்மீது மோதி விழுந்துவிட்டான். கை கால்களில் சிராய்ப்பு; ஹேண்டில்பாரின் முனை அடிவயிற்றில் குத்தியிருந்தது. வழிப்போக்கர் இருவர் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தனர். விடுதி முதலாளி ஊருக்குப் போயிருந்தமையால், உடன் வேலை செய்யும் பையன் நம்மைத் தொலைபேசியில் அழைத்தான். “சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார். டாக்டரம்மா கேக்கறது இவனுக்குப் புரியலை” என்றான். மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேறென்ன வேண்டும்? கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

நாம் போய்ச் சேர்ந்தபோது இளவயதுப் பெண் வைத்தியர் ஒருவர் பையனின் வயிற்றில் ஒரு சிறு கருவியை வைத்து, பக்கத்தில் சக்கரம் வைத்த மேசைமீதிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலே, அவன் கடைசியாக எப்போது மூத்திரம் கழித்தான் என்று கேட்கச் சொன்னார். நாம் கேட்டோம். பையன் சொன்ன விடை, சொல்லுக்குச் சொல், இது: “கடையிலேர்ந்து கிளம்பும்போதே முட்டிக்கிட்டு இருந்துச்சு சார். விழுந்தப்புறம் போயிருச்சு.”

நாம் வைத்தியரிடம் “ஹோ கயா” என்றோம். அதாவது, ஆயிற்று, கழித்துவிட்டான் என்று.

இருபது ஆண்டுக் காலம் சொற்களோடு மல்லாடியவன் ஒரு சொல்லில் வழுக்கி விழுந்த இடம் அது. ‘போயிருச்சு’ என்று பையன் சொன்னது மூத்திரத்தையன்று. மூத்திரம் முட்டிய உணர்ச்சியை. விழுந்த பிறகு அந்த முட்டல் மறைந்துவிட்டது என்பதே அவன் சொன்னதன் பொருள். முட்டிக்கொண்டிருந்த ஒருவனுக்கு, கழிக்காமலே முட்டல் மறையுமானால் அந்த நீர் எங்கே போயிற்று? வைத்தியர் அப்போது தேடிக்கொண்டிருந்த கேள்விக்கு அதுவே விடை. அதை நாம் நம் வாயாலேயே விழுங்கிவிட்டோம்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, அந்த நீர் இருந்த பையைப் பார்ப்போம்.

மூத்திரப்பை என்பது தசையாலான ஒரு பை. வளர்ந்தவர்களுக்குச் சுமார் 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். வெறுமையாக இருக்கும்போது இடுப்பெலும்பு வளையத்தின் முன்பகுதிக்குப் பின்னே, கோட்டைச் சுவருக்குப் பின் இருப்பதுபோல், பத்திரமாக ஒடுங்கியிருக்கும். அப்போது அதன்மீது அடிபடுவது அரிது. நிறைய நிறைய அது மேலெழும்பி, எலும்பின் காவலை விட்டு வயிற்றுக்குள் தலை நீட்டுகிறது. அப்படி நீட்டிய தலையின் உச்சியே அந்தப் பையின் வலுக்குறைந்த இடம். நீர் நிரம்பிய தோல் துருத்தியின்மீது ஓங்கி மிதித்தால் எது முதலில் கிழியுமோ அதுவே இங்கும் கிழிகிறது. உச்சியின்மேல் படர்ந்திருப்பது, குடல்கள் தங்கும் அறையைச் சுற்றி அமைந்த மெல்லிய சவ்வு. பெரிட்டோனியம் என்பர் வைத்தியர். பையின் உச்சி கிழிந்தால் சவ்வும் உடன் கிழிந்து, நீர் முழுவதும் குடல்களுக்கிடையே பரவிவிடும். எலும்பு முறியாமலே இது நேரலாம். நமது தேனிப் பையனுக்கு நேர்ந்ததும் இதுவே.

மற்றொரு வகையும் உண்டு. எண்ணிக்கையில் அதுவே அதிகம். பெரிய மோதலில் இடுப்பெலும்பு வளையம் நொறுங்கும்போது, பையின் அடிப்பாகமோ பக்கமோ கிழிபடுகிறது. நீர் அப்போது வயிற்றறைக்குள் புகாமல், இடுப்பெலும்பைச் சுற்றியுள்ள திசுக்களில் ஊறுகிறது. மழுங்கிய அடியால் பை கிழிந்தவர்களுள் பெரும்பாலோருக்கு இடுப்பெலும்பு முறிவும் சேர்ந்தே காணப்படும். இடுப்பெலும்பு முறிந்தவர்களை எடுத்துக்கொண்டாலோ, அவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே பை கிழிந்திருக்கும். இவ்விரு வகைக்கும் சிகிச்சை வேறு வேறு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இடையே ஒரு சொல். அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் ஊருக்குப் போவதற்கு இரவுப் பேருந்துகளை நம்பியிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ புறப்படும் பேருந்து எங்கே நிற்கும், நிற்குமிடத்தில் பெண்கள் ஒதுங்க வசதியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே நமது பெண்மணிகள் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு பயணம் செய்கிறார்கள். ஓட்டுநரிடம் வண்டியை நிறுத்தச் சொல்ல நாணம். மொழி தெரியாத ஊரானால் நாணம் இரட்டிப்பு. நிறைந்த பையோடு உறங்குபவரின் அடிவயிற்றின் குறுக்கே வார்ப்பட்டையும் கிடக்க, வண்டி மோதினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னதைக் கொண்டே நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். வார்ப்பட்டை உயிர் காப்பது. அதைக் கழற்றிவிடும்படி நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

இனிக் கருவிக்கு வருவோம். நமது அலுவலகக் கலைச்சொல் பட்டியலில் இதற்கு ‘மீயொலி’ என்று பெயர். மக்கள் ‘ஸ்கேன்’ என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ‘மீயொலி’ என்று சொல்லிப் பார்த்தோம், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். வயிற்றைப் பார்க்கும் கருவி எழுப்பும் ஒலியோ நொடிக்கு இருபது லட்சம் முதல் ஐம்பது லட்சம் அதிர்வுகள் கொண்டது. அழுத்தினால் மின்சாரம் உண்டாக்கும் தன்மை சில படிகங்களுக்கு உண்டென்பதை 1880-இல் பிரான்சு தேசத்துச் சகோதரர்களான ஜாக் கியூரியும் பியர் கியூரியும் கண்டறிந்தார்கள். அதே படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அந்த அதிர்வு உடலுக்குள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, ஒரு திசு முடிந்து மற்றொரு திசு தொடங்கும் எல்லைகளில் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்து ஆழம் பார்க்கும் சிறுவனின் வித்தைதான். குரல் மட்டும் வேறு.

இதனை வயிற்றுக்குத் திருப்பியவர்களுள் முதன்மையானவர் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்ட். 1955-இல் அவர், அறுத்தெடுத்த கட்டிகளை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு ரென்ஃபுரூ என்ற ஊரிலிருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே இரும்பில் உள்ளே ஒளிந்திருக்கும் விரிசல்களைக் காண ஒலிக் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். அதைக் கொண்டு கட்டிகளைச் சோதித்துப் பார்த்தார். நீர்க்கட்டிக்கும் கெட்டியான கட்டிக்கும் எதிரொலி வேறுபட்டது. 1958-இல் தமது கண்டுபிடிப்பை ‘லான்செட்’ என்ற வைத்தியப் பத்திரிகையில் தம் கூட்டாளிகளுடன் வெளியிட்டார். விபத்தில் அடிபட்டவர்களின் வயிற்றில் இக்கருவியை வைத்துப் பார்க்கும் வழக்கம் 1970-களில் ஐரோப்பாவில் தொடங்கி, 1990-களில் அமெரிக்காவில் ஓர் ஒழுங்குமுறை பெற்றது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘ஃபாஸ்ட்’ என்கிறார்கள். விரைவு என்ற பொருளும் அதற்குள் அமைந்துவிட்டது.

பெயருக்கேற்ப ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் சோதனை அது. நோயாளியை நகர்த்த வேண்டியதில்லை. அருகில் நிற்பவர்களை வெளியே போகச் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்ரேயைப்போல் கதிர்வீச்சும் இல்லை. நான்கு இடங்களில் கருவியை வைக்கிறார்கள். இருதயத்தைச் சுற்றி ஓரிடம். வலப்புறம், ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஓரிடம். இடப்புறம், மண்ணீரலைச் சுற்றி ஓரிடம். நான்காவது, அடிவயிற்றில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே. தேடுவது ஒன்றே: இருக்கக்கூடாத இடத்தில் திரவம் இருக்கிறதா? திரவம் எதிரொலி தருவதில்லை. ஆதலால் திரையில் அது கறுப்பாகத் தெரியும். மல்லாந்து கிடப்பவரின் வயிற்றில் எது கசிந்தாலும் பள்ளத்தில்தான் தேங்கும். ஈரலுக்கடியிலும் இடுப்புக் குழியிலும் பார்ப்பது அதனால்தான்.

நான்காவது இடத்தில் மூத்திரப்பை நிறைந்திருந்தால் வைத்தியருக்கு வசதி. நிறைந்த பை ஒலிக்கு ஒரு சன்னல் போன்றது. அதன் வழியே பின்புறம் இருப்பவையும் தெளிவாகத் தெரியும். ஆகையால் குழாய் செருகி நீரை வடிப்பதற்கு முன்னரே இந்த இடத்தைப் பார்த்துவிட விரும்புகிறார்கள். பையின் சுவர் தொடர்ச்சியாக உள்ளதா, உள்ளே இரத்தக் கட்டி மிதக்கிறதா, பைக்கு வெளியே கறுப்பு தேங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சுவரில் கிழிசலையே நேராகக் காண்பது அபூர்வம். பெரும்பாலும் கிடைப்பவை மறைமுகமான சாட்சியங்களே. நிறைந்திருக்க வேண்டிய பை சுருங்கிக் கிடப்பது அவற்றுள் ஒன்று; சுற்றிலும் கறுப்பு இருப்பது மற்றொன்று.

இக்கருவியின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. கறுப்பு கறுப்புதான். அது இரத்தமா, மூத்திரமா, குடலிலிருந்து கசிந்ததா என்பதைத் திரை சொல்லாது. விபத்தில் வந்தவரின் வயிற்றில் கறுப்பைக் கண்டால், இரத்தம் என்றே முதலில் எண்ணி நடப்பது வைத்திய விதி. ஏனெனில் நிமிடங்களில் கொல்லக்கூடியது இரத்தப்போக்கு. அதைப் போலவே, சுருங்கிய பையும் இரண்டு விதமாகப் பொருள்படும். சற்று முன் மூத்திரம் கழித்தவனின் பையும் சுருங்கியிருக்கும். கிழிந்து வழிந்துபோனவனின் பையும் சுருங்கியிருக்கும். இரண்டில் எது என்று தெரிய நோயாளியின் வாய்ச்சொல் வேண்டும். ஆகவேதான் அந்தப் பெண் வைத்தியர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அக்கேள்வியைக் கேட்டார். நாமும் “ஹோ கயா” என்றோம்.

அவர் தலையசைத்துவிட்டு ஈரலையும் மண்ணீரலையும் மறுபடி பார்த்தார். எங்கும் பழுது புலப்படவில்லை. பையனின் நாடியும் இரத்த அழுத்தமும் திடமாக இருந்தன. இவ்வளவு திரவம் இரத்தமானால் நாடி இப்படி நிதானமாக இராதே என்று நினைத்தார் போலும். நம் பக்கம் திரும்பி, “எங்கே கழித்தான்? ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகா, சாலையிலா? என்ன நிறமாக இருந்தது? மறுபடி கேளுங்கள்” என்றார். அவர் குரலில் கோபமில்லை; ஆயினும் நமக்குச் சுருக்கென்றது. பையனிடம் குனிந்து, “எங்கப்பா போனே?” என்று கேட்டோம். “நான் எங்கயும் போகலையே சார். போகணும்னு தோணவே இல்லை. இப்ப முக்கினாலும் வரலை” என்றான். கீழே விழுந்தபோது காலுறையெல்லாம் நனைந்திருக்குமோ என்றுகூட நாம் பார்த்தோம், காய்ந்திருந்தது. கூச்சமெல்லாம் விட்டு, அவன் சொன்னதைச் சொன்னபடியே வைத்தியரிடம் ஒப்பித்தோம். நமது முதல் விடை தவறு என்பதையும் சொன்னோம்.

அதன் பின் காரியங்கள் வேகமாக நடந்தன. குறியின் முனையில் இரத்தத் துளி இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். இருந்திருந்தால், மூத்திரம் வெளிவரும் பாதையே அறுந்திருக்கக்கூடும். அந்நிலையில் கண்ணை மூடிக்கொண்டு குழாய் செருகினால் அரைகுறையாக அறுந்தது முழுதும் அறுந்துபோகலாம். பையனுக்கு அது இல்லை. குழாய் செருகினார்கள், சிவந்த நீர் சில தேக்கரண்டி அளவே வந்தது. பை கிழிந்தவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூத்திரம் கண்ணுக்குத் தெரியுமளவு சிவந்திருக்குமாம். பின்னர் அக்குழாய் வழியே சுத்தமான உப்பு நீரை உள்ளே செலுத்தியபடி, கருவியை மறுபடி அடிவயிற்றில் வைத்தார் வைத்தியர். நம்மையும் பார்க்கச் சொன்னார். நல்ல பையானால் திரையில் பந்துபோல் உப்பி எழ வேண்டும். இது உப்பவில்லை. உள்ளே போன நீர் போனபடியே இருக்க, வெளியே குடல்களுக்கிடையிலுள்ள கறுப்பு அகன்றுகொண்டே வந்தது. ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை அன்று கண்ணால் கண்டோம்.

ஆயினும் இதைக் கொண்டே கத்தியை எடுத்துவிடவில்லை. ஒலிக் கருவி சந்தேகத்தை எழுப்பவும் வலுப்படுத்தவும் வல்லது. முடிவைச் சொல்வது வேறொரு சோதனை. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் மருந்து நீரைக் குழாய் வழியே குறைந்தது 300 மில்லிலிட்டராவது செலுத்தி, பையை நன்கு விரிவடையச் செய்து, சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். சிறிய கிழிசல் அரைகுறையாக நிரம்பிய பையில் வாயை மூடிக்கொண்டுவிடும். நன்கு நிரப்பினால்தான் அது வாய் திறக்கும். நமது பையனுக்கு அம்மருந்து குடல் மடிப்புகளுக்கிடையே வெள்ளைக் கோலமிட்டது. விடியுமுன் அறுவைச் சிகிச்சை முடிந்தது. உச்சியிலிருந்த கிழிசலைத் தைத்து, பை ஓய்வு கொள்ளக் குழாயைச் சுமார் இரண்டு வாரம் விட்டுவைத்தார்கள்.

வயிற்றறைக்குள் கிழிந்தவர்களுக்குப் பொதுவாக இப்படித் தைத்தே ஆக வேண்டும். இடுப்பெலும்பின் பக்கமாகக் கிழிந்த மற்ற வகையில், பெரும்பாலோருக்குக் குழாயை இரண்டு மூன்று வாரம் வைத்துப் பையை வெறுமையாக வைத்திருந்தால் கிழிசல் தானே ஆறிவிடும். எலும்புத் துண்டு பைக்குள் குத்தி நிற்பது போன்ற சில நிலைமைகளில்தான் கத்தி தேவைப்படும். உடலின் இந்த ஈகை வியப்புக்குரியது.

கண்டறியாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகொரு நாள் அந்த வைத்தியரைக் கேட்டோம். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து என்றார். கிருமியில்லாத மூத்திரம் வயிற்றறைக்குள் சில மணி நேரம் சாதுவாகவே கிடக்கும். பிறகு வயிறு உப்பும். சவ்வு அந்த நீரை உறிஞ்சி இரத்தத்துக்குள் திருப்பி அனுப்பும். சிறுநீரகங்கள் முயன்று வெளியேற்றிய யூரியாவும் கிரியேட்டினினும் மீண்டும் இரத்தத்தில் ஏறும். இரத்தச் சோதனையைப் பார்ப்பவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டதுபோல் தோன்றும்; பழுதோ வேறிடத்தில். இதற்குள் கிருமியும் புகுந்துவிட்டால் வயிற்றறை முழுவதும் அழற்சி. வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மூன்றாம் நாள் திரும்பி வந்தவர்களைத் தாம் பார்த்திருப்பதாகவும் அவர் சொன்னார்.

இதைக் கேட்ட நேயர்கள், ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போய்விடலாமா என்று எண்ணக்கூடும். போகலாகாது. உடல் பருத்தவர்களிடத்தும் குடலில் வாயு மிகுந்தவர்களிடத்தும் படம் மங்கும். இடுப்பெலும்பின் பக்கமாகக் கசிந்த சிறு கசிவு கருவிக்கு அகப்படாமல் நழுவும். திறமை வைப்பவர் கையில் இருக்கிறது. வீணை எவருக்கும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. அடிபட்டவர் மூத்திரம் கழிக்க முடியாமல் தவித்தாலோ, சிவப்பாகக் கழித்தாலோ, அடிவயிற்று வலி தணியாமலிருந்தாலோ, ஸ்கேன் என்ன சொன்னபோதிலும் அதனை வைத்தியரிடம் மறுபடி சொல்ல வேண்டும்.

நமது தேசத்தில் இக்கருவிக்கு ஒரு சட்டக் காவலும் உண்டு. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண்ணானால் அழித்துவிடும் கொடுமையைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்டு, 1996-இல் அமலுக்கு வந்து, 2003-இல் வலுப்படுத்தப்பட்ட சட்டம் அது. அதன்படி ஒவ்வொரு கருவியும் பதிவு பெற வேண்டும். கையோடு எடுத்துச் செல்லும் சிறு கருவிகளை எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கு 2012-இல் தனி விதி வந்தது. அவசரப் பிரிவு வைத்தியர்கள் சிலர், இப்பதிவேடுகளால் கருவி படுக்கையருகே வரத் தாமதமாகிறது என்று குறைப்படுவதைக் கேட்டிருக்கிறோம். இச்சட்டம் பற்றிய தாள்களை மொழிபெயர்த்த கை நம்முடையது. பெண் மகவுகளைக் காக்க வந்த சட்டத்தை நாம் குறைசொல்ல மாட்டோம். ஆயினும், அடிபட்ட ஆடவனின் வயிற்றைப் பார்ப்பதற்கும் கருவைப் பார்ப்பதற்கும் உள்ள வேற்றுமையை விதிகளில் இன்னும் தெளிவாக எழுதலாம் என்பது நமது எண்ணம்.

வழிப்போக்கர் இருவர் பையனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்றோமல்லவா? போலீஸ் விசாரணைக்கும் கோர்ட்டுக்கும் அஞ்சி ஒதுங்கிப் போகும் காலம் இருந்தது. 2016-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இட்ட உத்தரவாலும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவாலும், நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்கில்லை. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நமது சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது சர்க்கார் கணக்கு. தேசம் முழுதும் அவசர அழைப்புக்கு 112 என்ற எண் இருக்கிறது. அழைப்பவர் தமிழராக இருந்தால் என்ன, மராத்தியராக இருந்தால் என்ன?

அன்றிரவுக்குப் பிறகு நமது மேசையில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறோம். ‘மூத்திரம் வரவில்லை’ என்பதை அண்டை மொழிகளில் எப்படிச் சொல்வது என்று நண்பர்களைக் கேட்டுக் குறித்தது. அவரவர் வாழும் ஊருக்குத் தக்கபடி நேயர்கள் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளலாம். ஹிந்தி பேசும் ஊர்களில் ‘பேஷாப் நஹீ ஹுவா’. பம்பாயிலும் பூனாவிலும் ‘லக்வீ ஜாலீ நாஹீ’. பெங்களூரில் ‘மூத்ர ஆகில்ல’. ஹைதராபாத்தில் ‘மூத்ரம் ராலேது’. கல்கத்தாவில் ‘பெச்சாப் ஹொய்னி’. கேரளத்தில் ‘மூத்ரம் போயில்ல’ என்றால் போதும். அங்கே மட்டும் நமது ‘போயிற்று’ ஓரளவு உறவாக நிற்கிறது. இரத்தம் கலந்திருந்தால் ‘ரக்தம்’ என்ற சொல் சிறு வேறுபாட்டோடு பல இடங்களில் எடுபடும். ஹிந்தியில் ‘கூன்’ என்பார்கள். இவற்றுள் ஒன்றும் நாவுக்கு வரவில்லையெனில், தமிழிலேயே சொல்லி, அடிவயிற்றில் கைவைத்து, இல்லை என்று தலையை ஆட்டுங்கள். அதற்கு இலக்கணம் எங்கும் ஒன்றே.

துணைக்குப் போகிறவர்களுக்கும் நமது அனுபவத்தில் கண்டது ஒன்றிரண்டு. அடிபட்டவர் தாகமென்று கேட்டாலும் வைத்தியரைக் கேளாமல் தண்ணீரோ தேநீரோ கொடுக்கலாகாது. அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். மற்ற நாட்களில் ஸ்கேனுக்கு முன் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்களே என்ற நினைப்பில் சிலர் கொடுத்துவிடுகிறார்கள். மொழிபெயர்க்கையில், நோயாளி சொன்னதை நாகரிகப்படுத்த வேண்டாம். ‘வயிற்று உபாதை’ என்று நாம் பூசி மெழுகும் சொல்லுக்குள் எத்தனையோ மறைந்துபோகும். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்கலாம். வைத்தியர் அதற்குக் கோபிப்பதில்லை.

பையன் இப்போது அதே விடுதியில் இருக்கிறான். ஹிந்தியும் நன்றாகவே வந்துவிட்டது. வாடிக்கைக்காரர்களோடு வாதம் செய்யுமளவு வந்துவிட்டது. நாம் போய் அமர்ந்தால், கேளாமலே நெய் ரோஸ்ட் வரும். சாப்பிட்டு முடித்ததும், “ஆயிருச்சா சார்?” என்று கேட்பான். தட்டையா, காபியையா, எதைக் கேட்கிறான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே இப்போதெல்லாம் விடை சொல்கிறோம்.